ஒறம்பரை ஊட்டுக்குப் போறதும் டூர்தானுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

போன மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள எங்கெங்க போயிட்டு வரலாம்னு உங்க பேப்பர்ல ஒரு பக்கம் பூரா படத்தோட போட்டிருந்தீங்க. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, ஆழியாறு, டாப்சிலிப்புன்னு எல்லாம் இருந்துச்சு, எங்க சின்னவன் அதைக் கத்தரிச்சு பிரிட்ஜ் கதவுல ஒட்டியே வச்சுட்டான். ஆனா அதுல அமுச்சி ஊரு, அதான் அம்மாவைப் பெத்த பாட்டி ஊரு, அது மட்டும் விட்டுப் போச்சுங்க. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டரு. முடிஞ்சா போடுங்க, எடம் இல்லைன்னா நடுவுல வெட்டிக்குங்க.

நான் திருப்பூருல பனியன் கம்பெனில செக்கிங் வேலை, ஊட்டுக்காரரு பவர் டேபிள் டெய்லருங்க. ஒன்றரை ஷிப்டு ஓடுனா காத்தால எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை, சனிக்கெழமை சம்பளம், ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தான் நம்ம நாளு. அதுலயும் துணி தொவைக்கோணும், கறி எடுக்கோணும், தூங்கோணும். இதுக்குள்ள எங்க ஊரு சுத்தறது. அப்படியும் போன வருசம் மே மாசம் சிலுவாடு சேத்து வச்ச காசை எடுத்துட்டு வாடகைக் காரு பேசி ஊட்டி போனோம். 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கோணுமே, அதைப் பக்கத்தூட்டுத் தம்பி மொபைல்ல போட்டுக் குடுத்துச்சு. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏறங்காட்டியும் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்துச்சு, சின்னவன் ரெண்டு வாட்டி வாந்தி, மேல போனா பூவை விட ஆளு எச்சா. வீண்னு சொல்ல மாட்டேன், குளிருல நாலு பேரும் ஒரே கம்பளிக்குள்ள உக்காந்து மொளகா பஜ்ஜி தின்னது எனக்கே மறக்காது. ஆனா ரெண்டு நாளைக்கு 14 ஆயிரம் ஆச்சுங்க, அந்தக் காசை மறுபடி சேக்க எட்டு மாசம் புடிச்சுது.

அந்த எட்டு மாசத்துக்குள்ளதான் எங்க பெரிய மாமன் தவறிட்டாரு. தாராபுரம் பக்கம் எங்கம்மா பொறந்த ஊரு, காங்கேயத்துல எறங்கி பஸ் மாறி ஊதியூர் தாண்டிப் போகோணும். எழவு ஊட்டுல கூட்டத்துக்குள்ள நின்னுட்டு சின்னவன் எஞ்சீலையை இழுத்து "அம்மா, இந்தத் தாத்தா நமக்கு யாரு?"ன்னு மெதுவாக் கேட்டான். எனக்கு பொக்குன்னு போயிருச்சுங்க. பத்து வயசாச்சு அவனுக்கு. அவரை ரெண்டு கல்யாணத்துல பாத்திருக்கான், ரெண்டும் மண்டபம், பந்தில ஒருக்கா நேரா உக்காந்து சாப்புட்டிருக்கான், அவ்வளவுதான் பழக்கம்.

யாருன்னு அவனுக்கு எப்படிச் சொல்றது. எனக்கு எட்டு வயசு இருக்கறப்ப வேசகாலத்துல, அதான் கோடைல, எங்க எல்லாப் பசங்களையும் ஒட்டுக்கா டெம்போவுல ஏத்திட்டு அமராவதி டேமுக்கு முதலைப் பண்ணை காட்டக் கூட்டிட்டுப் போனவரு அவரு. அமுச்சி விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு புளிச்சோறு கிண்டி வாழை எலைல பொட்டலம் கட்டுச்சு, அப்பச்சி, அதான் அமுச்சி ஊட்டுத் தாத்தா, நான் வரலைன்னுட்டு கடைசி நிமிசத்துல துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு முன்னாடி சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. உடுமலை போறதுக்கு முன்னாலயே டயரு பஞ்சரு. ஸ்டெப்னியும் காத்து இல்ல. மாமன் அந்தச் சக்கரத்தை உருட்டிட்டே போயிட்டாரு, நாங்க பதினோரு பேரும் ரோட்டோரப் புளியமரத்தடில மூணு மணி நேரம். டேமுல சாப்புட வச்சிருந்த புளிச்சோத்தை அங்கயே தின்னு தீத்தாச்சு. மாமன் திரும்பி வர்றப்ப சக்கரத்தோட ஒரு கொலை நுங்கும் வந்துச்சு, எங்க புடிச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவரு சீவச் சீவ நாங்க கட்டை வெரலை விட்டு நோண்டித் தின்னோம், தண்ணி மோவாக்கட்டைல வழிஞ்சு கவுனெல்லாம் கறை. முதலை பாத்தனான்னு கேட்டீங்கன்னா பாத்திருப்பேன், சேத்துக்குள்ள கெடந்த மாதிரி ஒரு நெனப்பு. நுங்கு சீவுன அந்த அருவா சத்தம் மட்டும் இப்பவும் காதுல இருக்குது.

அப்படிப்பட்ட மனுசனை எம்பையன் யாருன்னு கேக்கறான். தப்பு அவன் மேல இல்லைங்க. வருசம் ஒருக்கா கொண்டு போயி நாலு நாள் உட்டிருந்தா அவனுக்கும் ஒரு நுங்கு கெடைச்சிருக்கும்.

காரியம் முடிஞ்சு வந்த அன்னிக்கே ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டேன், இனி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை ஒரு ஒறம்பரை ஊடு, அதான் சொந்தக்காரங்க ஊடு. கல்யாணம், சீரு, எழவு எதுவும் இல்லாதப்ப சும்மா போகோணும். அவரு மொதல்ல முனகுனாரு, பஸ் காசைக் கணக்குப் போட்டாரு. டவுன் பஸ்ல 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லீங்களே, நானும் மகளும் ஓசி, அவருக்கு முழு டிக்கெட்டு, சின்னவனுக்கு அரை. பெரிய பஸ்ல போனா எல்லாருக்கும் எடுக்கோணும், நேரம் இருந்தா டவுன் பஸ்ஸாப் பாத்து மாறி மாறிப் போவோம். இந்த ஓசி பஸ்ஸைக் கிண்டல் பண்றவங்க எங்க கம்பெனிலயே இருக்காங்க, ஆனா எத்தனை பொம்பளைங்க இதனாலதான் பொறந்த ஊட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வர்றாங்கன்னு பஸ்ல உக்காந்து நாலு பேருகிட்டப் பேசிப் பாத்தாத் தெரியும்.

மொத மாசமே சொதப்பல்தான். ஐப்பசில கொடிவேரி போலாம், அருவி மாதிரி கொட்டும், மீன் வறுவல் திங்கலாம், பரிசல்ல போலாம்னு பசங்க ஆசையைக் கெளப்பிட்டு, அப்படியே பொழுதோட கோபி பக்கம் ஊட்டுக்காரரு சின்னம்மா ஊட்டுக்கும் போயிட்டு வந்தர்லாம்னு பிளானு. பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியா கோபி போயி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸும் மாறி கொடிவேரி எறங்குனா கேட்டுப் பூட்டியிருக்குது. பவானிசாகர்ல தண்ணி அதிகமா தொறந்து உட்டுட்டாங்க, குளிக்கத் தடை. முந்தின நாள் பேப்பர்லயே வந்துதாம், சத்தியமா உங்க பேப்பர்ல கூட இருந்திருக்கும், நாங்கதான் பாக்கலை. சின்னவன் துண்டைக் கழுத்துல போட்டுட்டு நடு ரோட்டுல அழுகறான். வேற வழி இல்லாம பதினோரு மணிக்கே, போன் கூடப் பண்ணாம, நேரா சின்னம்மா ஊட்டு வாசல்ல போயி நின்னோம்.

அந்தம்மா எங்களைப் பாத்ததும் மொதல்ல வஞ்சுச்சு. "ஒரு போனு பண்ணிட்டு வந்தா என்ன சாமி, ஊட்டுல ஒண்ணுமே இல்லியே"ன்னு சொல்லிட்டே அடுப்பைப் பத்த வச்சிருச்சு. ஒண்ணுமே இல்லைன்னு சொன்ன ஊட்டுல சந்தகைக்கு மாவு ஆட்டி வச்சிருக்குது! டவுன்ல இப்பப் பாதிப் பேரு சந்தகைன்னா கடைல வாங்கற சேவைன்னு நெனைச்சுக்கறாங்க, அது வேற. இட்லி மாதிரி வேக வச்ச மாவு, ஆவி பறக்கறப்பவே எடுத்து சந்தகை மெசினுக்குள்ள போட்டு அமுத்தோணும், ஆறிப்போச்சுன்னா கையே ஒடிஞ்சிரும். ஒரு ஆளு கால்ல மெசினை மெதிச்சுட்டு நிக்கோணும், இன்னொரு ஆளு மேல இருக்கற கைப்புடிய அமுத்தோணும். சின்னவனைக் கைப்புடில தொங்க உட்டாங்க. பையன் ரெண்டு காலையும் தூக்கிட்டுத் தொங்கறான், அடில வெள்ளை வெள்ளையா நூலாட்டம் எறங்குது, மக வட்டலைப் புடிச்சுட்டுச் சுத்தறா, ஒவ்வொரு ஈட்டுக்கும் யாரு பலம் எச்சான்னு சண்டை. தேங்காப்பாலும் நாட்டுச்சக்கரையும் ஊத்தி அவன் நாலு வட்டல் தின்னான், ஊட்டுல ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டான். பொறவு தடப்பள்ளி வாய்க்கா மேட்டுல கூட்டிட்டுப் போயி கால் நனைக்க உட்டாங்க, ரெண்டு பக்கமும் நெல்லு வயலு, நடுவுல கொக்கு. கொடிவேரியப் பத்தி வர்ற வழில ஒருத்தரும் பேசலை.

இங்க ஒண்ணு நேராச் சொல்லிடறேன், இல்லைன்னா பொம்பளைங்க படிச்சுட்டு என்னை வைவாங்க. ஒறம்பரை வந்தா ஆம்பளைங்க ஆசாரத்துல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு இருப்பாங்க, அடுப்படில வெந்து சாகறது நாமதான். நான் மருமவளாப் போன புதுசுல ஒரு நோம்பிக்கு இருவத்தி ரெண்டு பேருக்கு வட்டல் கழுவி இடுப்பு புடிச்சுக்கிச்சு. அதனால எங்க மாசாந்தர டூருக்கு ஒரே ஒரு சட்டம்தான். மதியச் சோத்துல பாதி நாங்க கொண்டு போயிருவோம், தக்காளிச் சோறோ அரிசிம்பருப்பு சாதமோ போசில கட்டிட்டு. போனதும் ஊட்டுக்காரரு வெங்காயம் உரிக்க உக்காந்திருவாரு. சின்னம்மா அன்னிக்கு அதைப் பாத்துட்டு "என்றா இது, உட்றா, நாங்க இருக்கறமல்ல"ன்னு மூணு வாட்டி கத்தியப் புடுங்கப் பாத்துச்சு. நாலாவது வாட்டி ஒரு முறம் பூண்டையும் கொண்டு வந்து முன்னாடி வச்சிருச்சு.

அப்பறம் பெரிய ஊரு சின்ன ஊருன்னு பாக்காம வழில ஒரு எடத்தையும் சேத்துக்கறோம். அமுச்சி ஊருக்குப் போறப்ப காங்கேயத்துக்குப் பக்கத்துல சிவன்மலை ஏறுவோம். அங்க கண்ணாடிப் பொட்டி ஒண்ணு இருக்குதுங்களே, பக்தருங்க கனவுல சாமி வந்து சொல்ற பொருளை வைக்கறது, அதுக்குள்ள இந்த வாட்டி என்ன இருக்கும்னு படி ஏறங்காட்டியும் பசங்களுக்குள்ள பந்தயம். நம்பறது நம்பாதது அவங்கவங்க இஷ்டம், ஆனா அமுச்சிகிட்டப் போயி இன்னது இருந்துச்சுன்னு சொன்னா போதும், அதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னால அங்க என்ன வச்சாங்க, அப்ப நாட்டுல என்ன நடந்துச்சுன்னு ஆரம்பிச்சு, மழை இல்லாத வருசம், மாடு வித்த கதை, பெரிய மாமனைக் கொறங்காட்டுல பாம்பு தொரத்துன கதைன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் போகும். மக அதை போன்ல ரெக்கார்டு பண்ணிட்டா. 86 வயசு அமுச்சிக்கு. மாமன் கொரலை இப்படி ஒரு துளி கூட நாங்க எடுத்து வைக்கலையேன்னு எங்கம்மா அதைக் கேக்கறப்பெல்லாம் சொல்லும்.

ராத்திரி தங்கோணும்ங்க, அதுதான் முக்கியம். போனோம், காப்பி குடிச்சோம், செல்பி எடுத்தோம்னு வந்தா ஒண்ணுமே ஒட்டாது. எங்களுக்கும் எல்லா மாசமும் முடியறதில்லை, சனிக்கெழமை ஷிப்டு முடிஞ்சு கடைசி பஸ் புடிச்சுப் போனாத்தான் உண்டு. ஷிப்மென்ட் நேரத்துல ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிருவாங்க, ரெண்டு மாசம் அப்படியே போச்சு. பொங்கலுக்கும் தீவாளிக்கும் மட்டும் ஊருக்கு உடற கம்பெனிக்காரங்க ஆடி 18க்கும் ஒரு நாள் குடுத்தா என்னங்க, தூரி கட்டி ஆடற நோம்பி நம்மூரு நோம்பிதானே. இதை மொதலாளிங்க யாராச்சும் படிப்பாங்கன்னுதான் பேப்பருக்கு எழுதறேன், கம்பெனில நேராக் கேட்டா பதில் என்ன வரும்னு எனக்கே தெரியும்.

இப்ப ஆனி நடக்குது, அடுத்தது ஆடி 1. தேங்கா சுடற நோம்பி. மக மொபைல்ல வீடியோ பாத்துட்டு நாமளும் சுடோணும்னு ஒரே அடம். திருப்பூருல வாடகை ஊட்டு மொட்டை மாடில நெருப்பு மூட்டுனா ஓனரு எங்களையே சுட்டுருவாரு. நாங்க சின்னப் புள்ளைல அதைச் சுட்டது கொடுமுடி பக்கம் எங்க பெரியப்பா தோட்டத்துல. தேங்காக் கண்ணுல ஓட்டை போட்டுப் பாதித் தண்ணிய எறக்கிட்டு, பாசிப்பருப்பு, எள்ளு, அவல், நாட்டுச்சக்கரைன்னு உள்ள திணிச்சு, அழிஞ்சிக் குச்சில சொருகி மஞ்சள் பூசித் தீயில காட்டுவோம். அழிஞ்சிக் குச்சி பெரியப்பாதான் முந்தின நாளே இட்டேரில வெட்டிட்டு வந்து எங்க ஒவ்வொருத்தரு ஒசரத்துக்கும் அளந்து சீவி வைப்பாரு.

கெணத்துத் தண்ணி மொறைல எங்கப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை நின்னு பதினோரு வருசமாச்சுங்க. அப்பா போயும் மூணு வருசம் ஆகுது, பெரியப்பா வந்தாரு, தோள்ல துண்டோட ஒரு ஓரமா நின்னாரு, போயிட்டாரு. ஊட்டுக்காரரு போலாம்ங்கறாரு. எங்கம்மா வேண்டாம்ங்குது. ஈரோடு வரைக்கும் ரயிலு, அங்கிருந்து கரூரு வண்டில ஏறுனா கொடுமுடி ஸ்டேசன்லயே எறங்கலாம்னு சின்னவன் எல்லாம் விசாரிச்சு வச்சுட்டு, காலண்டர்ல ஆடி 1க்கு நேரா பெரிய எழுத்துல "தேங்கா, பெரிய தாத்தா ஊடு"ன்னு எழுதிட்டான். அம்மா தெனமும் தேதி பாக்கப் போறப்ப அதைப் பாக்குது, ஒண்ணும் சொல்றதில்லை.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளி ஒருத்தி,
திருப்பூர்.