ஜிம் பேசுவது கொச்சை இல்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்க எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஜேம்ஸ்' நாவலுக்கு 2024இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதும் 2025இல் புலிட்சரும் கிடைத்த விவரமெல்லாம் சரி. ஆனால் அடிமைகளின் கொச்சைப் பேச்சை அப்படியே பதிவு செய்த நாவல் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அது தலைகீழ்.

மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை அதில் வரும் அடிமை ஜிம்மின் வாயால் சொல்வதுதான் 'ஜேம்ஸ்'. ட்வெய்னிடம் ஜிம் பேசுவது கொச்சைதான். எவரெட்டோ அந்தக் கொச்சையை வெள்ளைக்காரர் காதுக்காகப் போடும் வேடமாக்கிவிட்டார். அடிமைகள் தங்களுக்குள் பேசும்போது இலக்கணம் பிசகாத ஆங்கிலம். வெள்ளைக்காரத் தலை தெரிந்தால் குழறல். அந்தக் குழறலைப் பிள்ளைகளுக்கு ஜிம்மே உட்கார்ந்து பாடம் நடத்துகிறான். ஒரு வெள்ளைக்காரியின் அடுப்படியில் தீப்பிடித்துவிட்டது, அவள் பார்க்கவில்லை, என்ன சொல்வாய்? 'தீ, தீ' என்றால் தப்பு. 'ஐயோ அம்மா, அங்கே பாருங்களேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆபத்து இன்னதென்று வாய்விட்டுச் சொல்கிற உரிமை அவளுடையது. முதல் வாசிப்பில் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறைதான் உறைத்தது.

பேச்சே இப்படியென்றால் எழுத்து? தன் கதையைத் தானே எழுத ஜிம்முக்கு ஒரு துண்டுப் பென்சில் வேண்டும். அதைத் திருடிக் கொடுத்தவனுக்குக் கிடைப்பது சவுக்கடி, பிறகு சாவு. நாவலில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் அது. கட்டுரையில் அந்தப் பென்சில் இல்லவே இல்லை.

கறுப்பர் எழுதினால் கொச்சைதான் இருக்கும் என்கிற எதிர்பார்ப்பை எவரெட் 2001இலேயே 'இரேஷர்' நாவலில் கிண்டலடித்தாயிற்று. அதில் வரும் கறுப்பினப் பேராசிரியர் கிரேக்க இலக்கியத்தைத் தழுவி எழுதிய புத்தகம், புத்தகக் கடையில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் அலமாரியில் கிடக்கும். காரணம், அட்டையில் உள்ள அவர் புகைப்படம்! வெறுத்துப்போய் அவர் புனைபெயரில் எழுதித் தள்ளும் மட்டமான கொச்சை நாவலுக்குத்தான் பணம் கொட்டுகிறது.

'ஜேம்ஸ்' தமிழில் வர வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் மொழிபெயர்ப்பவர் ஜிம்மின் குழறலுக்கு ஏதாவது ஒரு வட்டார வழக்கையோ சாதிப் பேச்சையோ எடுத்து ஒட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவை அந்தந்த மக்கள் வீட்டுக்குள்ளும் பேசுகிற சொந்தப் பேச்சு. ஜிம் வீட்டுக்குள் குழறுவதில்லை.

ஒரு வாசகர்,
தென்காசி