மோட்டார் ரூமில் நடந்தது

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். நீ இரண்டு தடவை போன் செய்தும் நான் கூப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மா நலம். மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் அண்ணன் மகனைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. பயப்படாதே, நன்றாக இருக்கிறான். இரண்டு விரல் நுனியில் கொப்புளம், சுவரில் மோதி முழங்கை வீக்கம், அவ்வளவுதான். போர் மோட்டார் எடுக்கவில்லை என்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்திருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தபடியே மெயினை ஆஃப் செய்து, பீஸ் கேரியர்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டெஸ்டர் வைத்தும் பார்த்தான், எரியவில்லை. அதற்கப்புறம்தான் தொட்டான்.

அடித்தது ஸ்டார்ட் கண்டென்சர், மோட்டார் கிளம்புவதற்காகப் பெட்டியில் இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சாமான். எனக்கு மூன்று ராத்திரி தூக்கமில்லை, சேகர். மெயினைப் பிடுங்கினால் போதும் என்று அவனுக்குச் சொன்னவன் நான்தானே.

மோட்டார் ஓடும்போதெல்லாம் வேலை செய்யும் ரன் கண்டென்சரில் இந்தத் தொல்லை குறைவு. அது எப்போதும் மோட்டாரின் காயிலோடு சேர்ந்தே கிடக்கிறது, மோட்டாரை நிறுத்தினால் மிச்ச சார்ஜ் காயில் வழியாகவே வடிந்துவிடும். ஸ்டார்ட் கண்டென்சர் பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும் ஓரிரு விநாடிதான் வேலை செய்கிறது. விரலை எடுத்ததும் தொடர்பு அறுந்து தனியாக நிற்கிறது. எந்த நிலையில் நிற்கிறது என்று யோசித்துப் பார். பொத்தான் விலகும்போது உள்ளே பொறி பறக்கிறது, ஏறி இறங்கும் கரண்ட் பூஜ்யமாகும் கணத்தில் அது அணைகிறது. கண்டென்சரில் கரண்ட் பூஜ்யம் என்றால் என்ன? குடம் நிரம்பிவிட்டது, இனி உள்ளே போக இடமில்லை என்று அர்த்தம். அதாவது வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது அறுந்து நிற்கிறது! நம் வீட்டு 230 வோல்ட்டுக்கே உச்சம் 325. டெஸ்டர் எரியாததும் இதனால்தான். தனியாக நிற்கும் கண்டென்சரின் ஒரு முனையை மட்டும் தொட்டால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. பையனின் விரல்கள் இரண்டு முனையிலும் பட்டுவிட்டன.

இதற்காகவே குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் சார்ஜை வடித்துவிடும். இத்தனை வருஷம் நாங்கள் தொட்டும் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். எங்கள் பெட்டியில் அதன் ஒரு கால் துருப்பிடித்து அறுந்திருந்தது. சில ரூபாய்ச் சாமான்.

உன் ஐடிஐ பையன்களுக்கு இதைச் சொல். 1746-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் மூசென்புரூக் என்ற விஞ்ஞானி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்ணாடி ஜாடியில் (அந்தக் காலத்துக் கண்டென்சர்) அடி வாங்கிவிட்டு, பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இனி தொடமாட்டேன் என்று எழுதிய கதையை நீ வருஷா வருஷம் சொல்வாய், தெரியும். சொல், ஆனால் அதோடு விட்டுவிடாதே. ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, அதன் இரண்டு ஒயரைக் கண்டென்சர் முனைகளில் வைத்து வடித்துக் காட்டு. பளிச்சென்று மின்னி அணையும், பையன்கள் மறக்கமாட்டார்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைக்கும் நம் பழைய பழக்கம் வேண்டாம். முனை தீய்ந்துபோகும், பொறி கண்ணில் தெறிக்கும்.

நேற்று அவனே பல்பு வைத்துப் பார்த்துவிட்டுப் புது ரெசிஸ்டரை மாட்டினான். கை கொஞ்சம் நடுங்கியது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

மோட்டார் இன்னும் எடுக்கவில்லை. காயிலில் சந்தேகம். லீவுக்கு வரும்போது காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் உன் மெக்கரைக் கொண்டுவா.

அன்புடன்,
பாலு