அந்த டப்பாவைக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லுங்கள்

சிங்கப்பூரின் மருந்தகங்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் நோயாளிகளிடம் சளி மாதிரி கேட்டு வாங்கும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். நான் 26 ஆண்டுகள் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் அனுப்பும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் திறப்பதில்தான் என் காலைகள் தொடங்கின. நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் மூடியைத் திருகியதும், அவருக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ படர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர்போல் தெளிந்து மேலே நுரை மிதந்தால் அது எச்சில். பாவம், கேட்டார்களே என்று துப்பிக் கொடுத்திருக்கிறார்.

கண்ணால் பார்த்ததை நாங்கள் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவோம். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்குள் வாயின் உட்தோல் செல்கள் 10க்குக் குறைவாகவும் வெள்ளணுக்கள் 25க்கு அதிகமாகவும் இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்தது என்று கொள்வோம். கூடத்துக்குக் கூடம் இந்த அளவு சற்று மாறும். தோல் செல்கள் மிகுந்திருந்தால் மாதிரியை நிராகரித்துவிடுவோம். எந்த மருந்துக்குக் கிருமி பணியும், எதற்குப் பணியாது என்ற சோதனை அங்கேயே நின்றுவிடும். இது பிடிவாதம் அல்ல. வாய்க்குள் எண்ணற்ற கிருமிகள் யாருக்கும் தீங்கின்றிக் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துச் சோதித்து, இந்த மருந்து வேலை செய்யாது என்று எழுதி அனுப்பினால், நோயாளிக்குத் தேவையே இல்லாத கடுமையான ஆன்டிபயாட்டிக்கை நீங்கள் எழுத வேண்டிவரும்.

இத்தனையும் தெரிந்த என் வீட்டிலேயே இது நடந்தது. அம்மாவுக்கு 79 வயது. மூச்சுக்குழாய் விரிந்து போன நோய் பல ஆண்டுகளாக உண்டு. சென்ற ஆண்டு இருமல் முற்றியபோது ஒரு மருந்தகத்தில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. பிறகு வேறொன்று. அதன் பிறகுதான் மாதிரி எடுக்கச் சொல்லி டப்பாவைக் கொடுத்தார்கள். கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. கையால் வாயைக் காட்டி, டப்பாவைக் காட்டிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அம்மாவும் கழிவறைக்குப் போய் எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, மாதிரி ஏற்கத்தக்கதல்ல என்று அறிக்கை வந்தது. மறுபடி மாதிரி கேட்டு யாரும் அழைக்கவில்லை. மூன்றாவது ஆன்டிபயாட்டிக் மட்டும் வந்தது, அதுவும் ஊகத்தில். நான் அந்தத் தாளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். என் தாய்க்கு நான் முன்பே சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'சளி' என்பது மூக்கில் ஒழுகுவதையும் குறிக்கும், நெஞ்சில் கட்டுவதையும் குறிக்கும். 'சளி பிடித்திருக்கிறது' என்றால் ஜலதோஷம்தான். ஆகவே 'சளி எடுத்து வாருங்கள்' என்றால் சிலர் மூக்கைச் சிந்தி அனுப்புவார்கள். அப்படியும் டப்பாக்கள் வந்திருக்கின்றன. 'துப்புங்கள்' என்றால் எச்சில்தான் வரும். 'காறித் துப்புங்கள்' என்றாலும் தொண்டையில் இருப்பதுதான் வரும். நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எழுப்புவதற்குக் கோழை என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. 'நெஞ்சுக் கோழை' என்று சொல்லிப் பாருங்கள், நம் பாட்டிமார் உடனே புரிந்துகொள்வார்கள்.

கூச்சமும் ஒரு தடை. காறித் துப்புவது நம்மவர்களிடையே ஒருவரை அவமதிக்கும் செயல். அதோடு, பொது இடத்தில் துப்பினால் அபராதம் என்ற ஊரில் வாழ்ந்து பழகிய பெரியவர்கள் இவர்கள். பெண்கள் பெரும்பாலும் கோழையை விழுங்கிவிடுவார்கள். திரை கூட இல்லாத இடத்தில் நிற்கவைத்து, உடனே கொடுங்கள் என்றால் எப்படிக் கொடுப்பார்கள்? காலையில் எழுந்ததும் வீட்டில் எடுக்கச் சொல்லலாம். இரவெல்லாம் சேர்ந்த கோழை அப்போதுதான் நன்றாக வரும்.

நல்ல மாதிரி ஒன்று வந்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அகார் என்பது தட்டில் ஊற்றி உறையவைத்த, கிருமி வளர்க்கும் கூழ். மாதிரியை இரத்த அகாரிலும் சாக்லேட் அகாரிலும் தீற்றுவோம். பின்னதில் சாக்லேட் எதுவும் இல்லை, சூடாக்கிய இரத்தத்தின் பழுப்பு நிறத்தால் வந்த பெயர். மறுநாள் காலை, நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருந்தால், நடுவில் குழிந்த சின்னச் சின்ன வட்டங்களாக, சுற்றிலும் பச்சை படர்ந்து தெரியும். அதில் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கரைத்து, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 150 மில்லியன் கிருமிகள் இருக்கும்படி கலங்கல் அளவைச் சரிசெய்வோம். அதைத் தட்டு முழுதும் பூசி, மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை மேலே வைத்து, கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் 35 டிகிரி வெப்பத்தில் 20 முதல் 24 மணி நேரம் விடுவோம். மருந்துக்குப் பணியும் கிருமி வில்லையைச் சுற்றி விலகி நிற்கும். அந்த வெற்று வட்டத்தை அளவுகோல் வைத்து அளப்போம். பென்சிலின் இனத்தைச் சேர்ந்த ஆக்ஸசிலின் மருந்து வில்லையைச் சுற்றி 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பென்சிலின் பலிக்கும். குறைந்தால் பலிக்காது என்று உடனே முடிவுகட்டக் கூடாது, எவ்வளவு மருந்தில் கிருமியின் வளர்ச்சி நிற்கிறது என்பதைத் தனியாக அளந்தாக வேண்டும். வட்டம் தெளிவாக விழுந்த தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். எங்கோ படுத்திருக்கும் ஒருவருக்கு இன்று சரியான மாத்திரை போய்ச் சேரும் என்ற நிம்மதி.

இரண்டாம் முறை அம்மாவுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ஹீமோபிலஸ் இன்ஃபுளுவென்சா என்ற கிருமி வளர்ந்தது. நைட்ரோசெஃபின் என்ற சோதனைப் பொருள் ஊறிய மஞ்சள் வில்லையில் அதைத் தொட்டதும் அந்த இடம் சிவப்பானது, அதாவது அமாக்சிசிலினை உடைத்துப்போடும் நொதியை அந்தக் கிருமி சுரந்துகொண்டிருந்தது. முதல் மருந்து ஏன் தோற்றது என்பதற்கு விடை அந்தச் சிவப்பில் இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனேட் சேர்த்த மாத்திரையை மருத்துவர் எழுதினார், அம்மா தேறினார். இடையில் விழுங்கிய மற்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் அவர் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எல்லா இருமலுக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான இருமலும் தொண்டைவலியும் வைரஸால் வருபவை, அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம். ஆனால் ஒரு மருந்து தோற்று அடுத்ததை எழுதப் போகிறீர்கள் என்றால், நோயாளிக்கு நுரையீரல் நோய் ஏற்கெனவே இருக்கிறது என்றால், முதலில் மாதிரியை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போனாலே நியூமோகாக்கஸ் தட்டில் வளராமல் போகலாம். எடுத்த மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துசேர வேண்டும், முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் மேசைமேல் அரை நாள் கிடந்தால் நோய் தந்த மென்மையான கிருமி செத்து, கூட வந்த முரட்டுக் கிருமிகள் பெருகிவிடும்.

சோதனை கேட்டு அனுப்பும் விண்ணப்பத் தாளிலும் இரண்டு வரி எழுதுங்கள். கட்டுமானத் தளத்தில் மண்ணோடு மண்ணாக வேலை செய்யும் ஊழியர், நீரிழிவு உள்ளவர், மழைக்குப் பிறகு நிமோனியாவோடு வருகிறார் என்றால் மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் நினைவுக்கு வர வேண்டும். சிங்கப்பூர் மண்ணில் அந்தக் கிருமி உண்டு. பென்சிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் அது இயல்பிலேயே பணிவதில்லை. தாளில் 'இருமல்' என்று மட்டும் இருந்தால், ஏதோ கலப்படக் கிருமி என்று ஆய்வுக்கூடம் ஒதுக்கிவிடக்கூடும், கிருமி காற்றில் பரவாமல் தடுக்கும் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே தட்டைத் திறந்து எங்களவர் ஆபத்தில் சிக்கவும்கூடும்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குப் பணியாத கிருமிகளால் உலகில் நேரடியாக 1.27 மில்லியன் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றுகளே அதில் பெரும் பங்கு. சிங்கப்பூரும் 2017இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. அத்தனை பெரிய முயற்சியும் கடைசியில் ஒரு மூதாட்டியின் கையில் இருக்கும் டப்பாவுக்கு வந்து நிற்கிறது.

உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தமிழ் தெரிந்த சக ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் கீழே இருப்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு டப்பாவோடு கொடுங்கள், என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம்:

"அம்மா, ஐயா, எங்களுக்கு எச்சில் வேண்டாம், மூக்குச் சளியும் வேண்டாம். நெஞ்சுக் கோழை வேண்டும். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்புளியுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, மெல்ல விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தபின் அடி நெஞ்சிலிருந்து இருமி, வருவதை நேராக டப்பாவில் விடுங்கள். ஒரு தேக்கரண்டி இருந்தால் போதும். வெட்கப்பட வேண்டாம்."

கொடுக்கும் முன் மூடியை ஒருமுறை திறந்து காட்டுங்கள். மூட்டுவலி உள்ள விரல்களால் அதைத் திருக முடிவதில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர்
ஈசூன், சிங்கப்பூர்