விருந்துக்கு வேறு, உங்களுக்கு வேறு என்று சமைக்காதே

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தரம் கேட்டேன். வேலையிடத்து ஆட்கள் சனிக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள், நீயும் மருமகளும் இறைச்சி மீன் மட்டுமில்லை, பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் தொடுவதில்லை, வருகிறவர்களோ எல்லாம் சாப்பிடுகிறவர்கள், என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், அவர்களுக்கு மட்டும் கடையில் கோழி எடுத்து வைக்கட்டுமா என்றும் கேட்டாய்.

வைக்காதே. மேசையில் கோழி இருந்தால் எல்லாருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும், நீங்கள் இரண்டு பேரும் பாடுபட்டுச் சமைத்த அத்தனையும் பக்கத்தில் தொட்டுக்கொள்கிற சாமானாகிவிடும். உன் வீட்டுக்கு வருகிறவர்கள் நீ சாப்பிடுவதைச் சாப்பிடத்தான் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடவேண்டும், அதற்கு என்ன செய்யவேண்டுமோ அதை யோசிப்போம்.

இறைச்சி மாதிரி, சீஸ் மாதிரி என்று பக்கற்றில் விற்கிறதெல்லாம் அவசரத்துக்கு வீட்டில் இருக்கட்டும், விருந்துக்கு வேண்டாம். ஒன்றைப்போல இன்னொன்றைச் செய்து வைத்தால் சாப்பிடுகிறவர் ஒவ்வொரு வாய்க்கும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நம்முடைய சமையலில் அந்தத் தேவையே இல்லை. நம் கறிகளுக்குப் பால் என்றால் தேங்காய்ப்பால், எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். நல்லூர்க் கோவிலில் கொடியேறினால் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான் என்பது உனக்குத் தெரியும், அந்த நாட்களில் வந்த சொந்தக்காரர் யாரும் அரைவயிற்றோடு எழும்பிப் போனதில்லை. வெசாக் நேரம் இங்கே தன்சல் என்கிற இலவசச் சாப்பாட்டுப் பந்தல்களில் சோறும் கறியும், அவித்த கடலையும், மரவள்ளிக் கிழங்கும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதில் மீன் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மரக்கறிச் சாப்பாடு சிலருக்குச் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இறைச்சி இல்லாதது இல்லை, எல்லாக் கறியும் ஒரே மாதிரிக் குழைந்து, ஒரே மஞ்சள் நிறத்தில், ஒரே ருசியில் இருப்பதுதான். பருப்பு, பூசணிப் பால்கறி, உருளைக்கிழங்குப் பால்கறி மூன்றையும் ஒன்றாக வைத்துப்பார், வாயில் கடிபட எதுவும் இருக்காது. ஆகவே ஒன்று நன்றாகக் கடித்துச் சாப்பிடுகிற மாதிரி, ஒன்று புளிப்பாக, ஒன்று பாலாக, ஒன்று வறையாக, ஒன்று பச்சையாக, ஒன்று மொறுமொறுவென்று இருக்கட்டும். கணக்கு அவ்வளவுதான், எந்த மரக்கறி கிடைத்தாலும் இதற்குள் போட்டுக்கொள்ளலாம்.

கடிக்கிறதற்குப் பலாக்காய். இங்கே வெள்ளவத்தைச் சந்தையில் பிஞ்சுப் பலாக்காயை வெட்டிச் சுத்தம்பண்ணி பையில் போட்டே கொடுக்கிறார்கள், உனக்குக் கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் ரின்னில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டதா என்று பார்த்து எடு, சீனிப்பாகில் போட்டதும் பக்கத்திலேயே இருக்கும், அது பழம், கறிக்கு ஆகாது. தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டு முறை கழுவி, கையால் மெதுவாகப் பிழிந்து வை. தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா போட்டு வெங்காயம் நன்றாகச் சிவக்கும்வரை வதக்கு. இதில் அவசரப்படாதே, மரக்கறிக்கு ஆழமான ருசி வருவது இந்த இடத்தில்தான். பிறகு பலாக்காயைப் போட்டுப் பிரட்டி, அது ஓரத்தில் கொஞ்சம் நிறம் மாறியதும் வறுத்த கறித்தூள், உப்பு, இரண்டாம் பால் விட்டு மூடி, சின்ன நெருப்பில் முக்கால் மணித்தியாலம் விடு. மேல்வீட்டுச் சிங்கள அக்கா இதற்கு ஒரு சுளை கொறுக்காய், அந்தக் காய்ந்த கறுப்புப் புளி, போடுவார், எனக்கும் இப்போது அது இல்லாமல் செய்ய மனம் வராது, கறிக்கு ஒரு கறுப்பும் புளிப்பும் வரும். கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்து அரைத்துப் போட்டு, முதற்பால் விட்டு இறக்கு. முதல்நாள் இரவே செய்துவிடு. அடுத்த நாள்தான் இதன் ருசி.

தேங்காய்ப்பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே குளிருக்கு ரின்னுக்குள் கட்டி மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நிற்கும். அதைக் குலுக்கிக் கலக்காமல் மேலே உள்ள கட்டியை முதற்பாலாக எடுத்து வை, மிச்சத்தில் தண்ணீர் சேர்த்தால் இரண்டாம் பால். முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதே, ஓரத்தில் நுரை வரும்போதே இறக்கிவிடு, இல்லாவிட்டால் திரைந்து எண்ணெய் மிதக்கும். தேசிக்காய்ப்புளி விடுவதும் அடுப்பை நிறுத்திய பிறகுதான். தேங்காய்ப்பால் மா வாங்கினால் மட்டும் பக்கற்றின் பின்பக்கத்தை வாசி, சிலவற்றில் சோடியம் கேசினேற் சேர்த்திருப்பார்கள், அது பசும்பாலில் இருந்து எடுக்கிற புரதம்.

புளிப்புக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, அது உனக்குச் செய்யத் தெரியும், வெந்தயத்தைக் கருகவிடாமல் பார்த்துக்கொள். பாலுக்குக் கஜுக் கறி: கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து மஞ்சள், பச்சை மிளகாய், பச்சைப் பட்டாணியோடு தேங்காய்ப்பாலில் அவித்தால் பார்க்கிறவருக்கே இது விருந்துக் கறி என்று தெரியும். ஆனால் வருகிறவர்களில் கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர் யாரும் இருக்கிறார்களா என்று முதலே கேள், பிள்ளைகளும் வருகிறார்கள். இருந்தால் கஜுவை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு போடு. கோவா (முட்டைக்கோஸ்) வறை, வெள்ளரிக்காயும் தக்காளியும் தேசிக்காய் பிழிந்த சம்பல், அப்பளம், பாகற்காயை மெல்லியதாக வெட்டிப் பொரித்து வெங்காயத்தோடு பிரட்டியது. பருப்புக் கட்டாயம். இவ்வளவும் போதும், கூட்டிக்கொண்டு போகாதே. உறைப்பைக் கறிகளில் குறைத்து, உறைப்பு வேண்டியவர்களுக்குக் கட்டச் சம்பலைத் தனியாக வை.

சம்பலைக் கடையில் வாங்குவதாக இருந்தால் கவனம் தம்பி. கட்டச் சம்பல், சீனிச் சம்பல் இரண்டிலும் பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும், போத்தலில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். வீட்டிலேயே செய். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும்வரை பொறுமையாக வதக்கி, செத்தல் மிளகாய்த் தூள், பழப்புளி, சீனி, ஏலக்காய், கறுவா போட்டால் மாசி இல்லாத குறையே தெரியாது. மோர் மிளகாய் தயிரில் ஊறியது, அது வேண்டாம். கடைப் பரோட்டாவில் சிலவேளை பால்மா, நெய், மாஜரின் இருக்கும், அதையும் பார்த்து எடு.

இனிப்புக்கு வட்டிலப்பத்தை முட்டை இல்லாமல் செய்யலாம். கித்துள் கருப்பட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து, கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள். கடல்பாசித் தூளை (அகர் அகர்) வேறாகத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்துத்தான் இதில் ஊற்றவேண்டும், கொதிக்காத கடல்பாசி இறுகாது. இரண்டு கப் பாலுக்கு ஒரு தேக்கரண்டி தூள். முட்டை போட்டது மாதிரிப் பொருபொருவென்று வராது, வழுவழுவென்று வரும், அதுவும் நல்ல ருசிதான். மேலே கஜு தூவுவதாக இருந்தாலும், கொட்டை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறார்களா என்று முதலே கேள். வட்டிலப்பம் சரிவருமோ என்று பயமாக இருந்தால் பயற்றம் பாயாசம் வை, தேங்காய்ப்பாலும் சக்கரையும் விட்டு, அது பிழைக்க வழியே இல்லை.

சரி, விருந்து ஒருநாள். எனக்குக் கூடுதலாக யோசனை உங்கள் மற்ற நாட்களைப் பற்றித்தான். இரண்டு பேரும் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பாணும் கடலை வெண்ணெயும் சாப்பிட்டுப் படுக்கிறீர்கள் என்று மருமகள் சொன்னதில் இருந்து என் மனம் சரியில்லை. பாணை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதை விட லேசான வழி இருக்கிறது. மைசூர்ப் பருப்பு ஊறவைக்கத் தேவையில்லை, கழுவி ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர், மஞ்சள், வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி போட்டு அடுப்பில் வைத்துவிட்டு முகம் கழுவி உடுப்பு மாற்றி வந்தால் இருபது நிமிடத்தில் அவிந்திருக்கும். உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தாளித்துக் கொட்டு. குளிரூட்டிய இடியப்பத்தை ஆவியில் சூடாக்கு, தேங்காய்ப்பூ இருந்தால் சம்பல், இல்லாவிட்டால் தக்காளிச் சொதி. ஞாயிற்றுக்கிழமை கடலையையும் கௌபியையும் ஊறவைத்து அவித்துச் சின்னச் சின்னப் பைகளில் குளிரூட்டியில் போட்டு வைத்தால் கிழமை நாளில் பை ஒன்றை எடுத்துத் தாளித்தால் கறி. 2022 இல் இங்கே காஸ் இல்லாத நேரம் நாங்கள் சமாளித்தது இந்த ஊறவைக்கிற பழக்கத்தால்தான், ஊறிய கடலை அரைவாசி நேரத்தில் அவிந்துவிடும். பால்மாவும் அப்போது கிடைக்கவில்லை, வெறுந்தேநீருக்குப் பழகிய அப்பா இன்றுவரை பால் தேநீருக்குத் திரும்பவில்லை. ஆகவே நீங்கள் வந்து நிற்கிற நாட்களில் வீட்டில் தேநீருக்குச் சிக்கல் இல்லை.

சோயாமீற்றும் வைத்துக்கொள். சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, பிழிந்து, திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிந்து, பிறகு எண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டுக் கறிக்குப் போடு. பிழியாமல் போட்டால் அந்தப் பச்சை வாசனை கறி முழுக்க நிற்கும்.

பால் விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. வாசித்தேன், டொக்டரிடமும் கேட்டேன். சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்குப் புரதத்தில் குறை வராது, அரிசியில் குறைவானது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. கல்சியத்துக்குக் குரக்கன், எள்ளு, கீரை. குரக்கன் புட்டைத் தேங்காய்ப்பூ கூடப் போட்டு அவி, கிழமையில் ஒருநாளாவது. இரும்புச் சத்துக்குப் பருப்பு, கடலை வகைகள், அதோடு தேசிக்காய்ப்புளி சேர்ந்தால் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும், ஆனால் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடுத்துவிடும், ஒரு மணித்தியாலம் பொறு. விற்றமின் பி12 மட்டும் மரக்கறியில் இருந்து கிடைக்காது. அதற்குக் குளிசை எடுக்கத்தான் வேண்டும், இரண்டு பேரும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். குறைந்தால் உடனே தெரியாது, வருடக்கணக்கில் உள்ளுக்குள் குறைந்து நரம்பைப் பாதித்த பிறகுதான் தெரியும். அடுத்த முறை இரத்தம் பரிசோதிக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

மார்கழியில் வரும்போது மருமகள் என்ன சாப்பிடுவாள் என்று அவளுக்குத் தயக்கம் இருக்கிறதாம். வீட்டில் நான் இருக்கிறேன், அவளுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, வந்து நிற்கிற நாள் முழுக்க எல்லாருக்கும் ஒரே சட்டிதான், அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன், சரி என்றார். சொந்தக்காரர் வீடுகளில்தான் விளக்கவேண்டி வரும், மாமி அன்போடு தயிரை ஊற்றிவிட்டுச் சைவம்தானே பிள்ளை என்பார். நான் முதலே எல்லாரிடமும் தொலைபேசியில் சொல்லிவைக்கிறேன், அவள் மேசையில் இருந்துகொண்டு சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது. காலி வீதிச் சைவக் கடைகளில் தோசையை நெய் விடாமல் எண்ணெயில் கேட்டு வாங்கலாம், உளுந்து வடையும் சரி. கொத்து ரொட்டியில் மரக்கறிக் கொத்து என்றாலும் முட்டை உடைத்துப் போடுவார்கள், தட்டத் தொடங்குவதற்கு முதலே சொல்லவேண்டும். கோவில் பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும், பொங்கலில் பால் இருக்கும், அதை வாங்குவதா விடுவதா என்று அவளே முடிவெடுக்கட்டும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கறித்தூளும் கொறுக்காயும் கித்துள் கருப்பட்டியும் பெரியம்மாவின் மகளிடம் கொடுத்துவிடுகிறேன், ஆனால் அவள் மாதக் கடைசியில்தான் அங்கே வருகிறாள். சனிக்கிழமைக்குக் கையில் இருக்கிற கறித்தூளையே எண்ணெய் விடாமல் தாச்சியில் சின்ன நெருப்பில் நிறம் மாறும்வரை வறுத்து எடுத்துக்கொள், கருப்பட்டியைத் தமிழ்க் கடையில் கேள், இல்லாவிட்டால் பாயாசம். அரிசி ஆளுக்கு அரைக் கப் போடு, பிள்ளைகளுக்கு அதில் பாதி. மொத்தம் எத்தனை பேர் என்று இன்றிரவே எழுது, தேங்காய்ப்பால் எத்தனை ரின் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை