பதினான்கு ஃபோல்டர்காரனுக்கு

அன்புள்ள பாவி,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இவ்வளவு நிதானமாக ப்ராக்ரஸிவ் ராக் (நம்ம 'ப்ராக்') பாட்டுகளை வகை பிரித்துப் பதினான்கு ஃபோல்டர் போட்டு, அதற்குள் உள்ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை எழுதி, தலைப்பில் 'இறுதி வடிவம்' என்று வேறு போட்டு அனுப்பியிருக்க மாட்டாய். பதில் வரவில்லை என்று மொட்டையிடம் நீ புலம்பியதும் காதுக்கு வந்தது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. போட்டால் சண்டை வரும், இந்த வயதில் எதற்கு என்று இருந்தேன்.

மொட்டையின் மகள் கெடுத்துவிட்டாள். அவளுக்கும் அந்தப் பட்டியலை அனுப்பியிருக்கிறாயே, மனசாட்சி இருக்கிறதா உனக்கு? பாட்டு கேட்கலாம் என்று ஆசையாக வந்த பெண்ணிடம் அட்டவணையை நீட்டியிருக்கிறாய். அவளும் அப்பாவி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு ஃபோல்டருடன் ஒத்துப் பார்த்திருக்கிறாள். நேற்று எனக்குச் செய்தி: "அங்கிள், கிங் கிரிம்சனோட 'ஸ்டார்லெஸ்' சிம்போனிக் ஃபோல்டர்ல இருக்கு. ஆனா பாதிக்கு மேல மெட்டல் மாதிரி மிரட்டுது. அப்புறம் சாக்ஸபோன் வந்து ஜாஸ் ராக் ஆயிடுது. எதுல வைக்கிறது? மூணா வெட்டிடட்டுமா?"

மூணா வெட்டிடட்டுமாவாம்! உன் பட்டியலுக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடையாது. ஆகவே எழுதுகிறேன். தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் உன் தலைப்புகளைப் பார். கேன்டர்பரி என்பது ஊர். இத்தாலியன் என்பது நாடு. நியோ-ப்ராக் என்பது காலம். ப்ராக் மெட்டல் என்பது கிடாரின் சத்தம். ராக் இன் ஆப்போசிஷன் என்பது கோபம். ஸூல் என்பது மாக்மா குழுவின் கிறிஸ்டியன் வாண்டர் என்கிற ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கும் கிரகம். 'எக்லெக்டிக்' என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அதன் உண்மையான பெயர் 'இதர'. கிங் கிரிம்சனில் பாதியை அங்கே தள்ளியிருக்கிறாய். அளவுகோலே இல்லாத ஃபோல்டருக்கு மரியாதையாக ஒரு பெயர், அவ்வளவுதான். ஒன்றை முழத்தால் அளந்து, அடுத்ததைப் படியால் அளந்து, மூன்றாவதை முகராசி பார்த்து வைத்திருக்கிறாய்.

கேன்டர்பரியையே எடுத்துக்கொள். உன் குறிப்பில் "கேன்டர்பரி நகரில் பிறந்த இசை" என்று எழுதியிருக்கிறாய். சரி, வைல்ட் ஃப்ளவர்ஸ் குழு அங்கே இருந்தது, அதிலிருந்து சாஃப்ட் மெஷினும் கேரவனும் பிரிந்தன, ஒத்துக்கொள்கிறேன். அதன் பிறகு? காங் குழுவைத் தொடங்கிய டேவிட் ஆலன் ஆஸ்திரேலியர். பிரிட்டனுக்குள் திரும்ப விடவில்லை என்பதால் பிரான்சில் தங்கி அந்தக் குழுவை வளர்த்தவர். எக் குழுவின் டேவ் ஸ்டூவர்ட்டும் மான்ட் கேம்ப்பெலும் லண்டன் பள்ளி நண்பர்கள். ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த் என்ற பெயரே லண்டனிலிருந்து வடக்கே போகும் சாலையின் வழிகாட்டிப் பலகையிலிருந்து வந்தது. கேன்டர்பரி இருப்பது தென்கிழக்கில். பலகையே எதிர்த் திசையைக் காட்டுகிறது, நீ மட்டும் கேன்டர்பரிக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறாய். அதில் வாசித்தவர்களே அப்படி ஒரு வகை உண்டா என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ராக் இன் ஆப்போசிஷன் இன்னும் மோசம். 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஹென்றி கௌ குழு கூட்டிய கச்சேரி அது. பதிவு நிறுவனங்கள் சீண்டாத ஐந்து குழுக்கள் ஒரே மேடையில். அதில் பெல்ஜியத்தின் யூனிவர் ஸீரோ பஸூனையும் ஹார்மோனியத்தையும் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு வாசிப்பதுபோல் வாசிப்பார்கள். ஸ்வீடனின் ஸம்லா மம்மாஸ் மன்னா கோமாளிகள் குட்டிக்கரணம் போடுவதுபோல் வாசிப்பார்கள். இத்தாலியின் ஸ்டார்மி ஸிக்ஸ் அரசியல் பாட்டுக்காரர்கள். இவர்களை ஒன்றாக நிறுத்தியது எதிரி பொது என்பதுதான். அது ஒரு கூட்டணி. கூட்டணியைக் கொண்டுபோய் யாராவது குலம் என்று எழுதுவார்களா? பின்னால் வந்தவர்கள் யூனிவர் ஸீரோ மாதிரி இருட்டாக வாசித்தால் எல்லாமே இந்த வகை என்று ஆக்கிவிட்டார்கள். பாவம், ஸ்வீடன்காரர்களின் சிரிப்பு அடிபட்டுப் போயிற்று.

"குறை சொல்வது சுலபம், நீ பிரித்துக் காட்டு" என்பாய். உன் முகம் தெரிகிறது. காட்டுகிறேன்.

பள்ளியில் ஐந்திணை நடத்தியபோது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று சொல்லித் தந்தார்களே, நீ பின்பெஞ்சில் ஜெத்ரோ டல் அட்டைப்படத்தை வரைந்துகொண்டிருந்தாய். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் புழங்குகிற பறவை, விலங்கு, பறை, யாழ். உரி என்பது அங்கே நடக்கிற காரியம்: கூடுவது, பிரிவது, காத்திருப்பது, ஊடுவது, இரங்குவது. ஒரு நிலத்துப் பறவை இன்னொரு நிலத்துக்குப் பறந்து வரலாம், இலக்கணக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பாட்டு எந்தத் திணை என்பதை முடிவாகச் சொல்வது உரிதான்.

இதை அப்படியே உன் பதினான்கின் மேல் வைத்துப் பார். கேன்டர்பரி, இத்தாலி, ஜெர்மனி, நியோ எல்லாம் முதல். மெல்லோட்ரான், மூக் மாதிரிக் கீபோர்டுகள், ஒற்றைப்படைத் தாளம், உறுமல் குரல் எல்லாம் கரு. உரியை வைத்து நீ ஒரு ஃபோல்டர்கூடப் போடவில்லை. பாட்டு என்ன காரியம் செய்கிறது என்று எங்கேயும் கேட்கவே இல்லையடா!

இப்போது 'ஸ்டார்லெஸ்'ஸுக்கு வா. 1974, 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மெல்லோட்ரான் விரித்த விரிப்பின் மேல் ஃப்ரிப்பின் கிடார் ஒரு மெட்டை வாசிக்கிறது. எவ்வளவு கேட்டாலும் அலுக்காத மெட்டு. வெட்டன் பாடுகிறார். நாலரை நிமிட வாக்கில் பாட்டு வற்றிப்போய், பாஸ் கிடார் மட்டும் பதின்மூன்று எண்ணிக்கையில் நடக்கத் தொடங்குகிறது. நான் அதைத் தகதிமி தகதிமி தகதகிட என்று எண்ணிக்கொள்வேன். அதற்கு மேல் ஃப்ரிப் வாசிப்பது ஒரே சுரம். அதையே திரும்பத் திரும்பத் தட்டுகிறார். கொஞ்சம் ஏறுகிறார். மறுபடி அதே தட்டல். ப்ரூஃபோர்ட் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில்லறைத் தாளக் கருவிகளைச் சிதறவிட்டு, பிறகு மெல்ல மெல்ல டிரம்ஸுக்கு வருகிறார். ஒன்பதாவது நிமிடம் தாண்டி உடைகிறது பார், சாக்ஸபோன் வெறிபிடித்து ஓடுகிறது. எல்லாம் ஓடி முடித்த பிறகு, முதலில் கேட்ட அந்த மெட்டு முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

இதில் மெல்லோட்ரான் உன் சிம்போனிக்காரர்களுடையது. பதின்மூன்று எண்ணிக்கை மெட்டல் பையன்கள் பின்னால் சுவீகாரம் எடுத்துக்கொண்ட வித்தை. சாக்ஸபோன் ஜாஸ் ராக்கினது. கரு மூன்று இடத்திலிருந்து வந்திருக்கிறது. உரி ஒன்றே ஒன்று: காத்திருத்தல். ஒரு மெட்டைக் காட்டி, மறைத்து, ஏங்க வைத்து, கடைசியில் கொடுப்பது. மூன்றாக வெட்டினால் அந்தக் காரியமே செத்துப்போகும். மொட்டையின் மகளுக்கு இதைத்தான் எழுதினேன்.

யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இதே காரியத்தைத்தான் வெளிச்சத்தில் நின்று செய்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று உன் ஒன்றாம் ஃபோல்டரில், இன்னொன்று எங்கோ.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த குடும்பம்: சுழல்வது. 'நோய்!' (Neu!) என்ற ஜெர்மன் குழுவின் 'ஹல்லோகல்லோ' (1972) பத்து நிமிடம் ஓடுகிறது, க்ளாஸ் டிங்கரின் தாளம் அசையவே அசையாது, நேர்ச்சாலையில் வண்டி போவதுபோல. மாக்மாவின் 1973 ஆல்பத்தில் ஒரு கோஷ்டியே இல்லாத மொழியில் ஒரே சொற்றொடரை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறது. கிங் கிரிம்சனின் 1981 'டிசிப்ளின்' ஆல்பத்தில் 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' கேள்: இரண்டு கிடார்கள் ஏழில் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒன்று ஏழிலேயே நிற்க, மற்றது ஒரு சுரத்தை விட்டுவிட்டு நழுவுகிறது. சுற்றிப் போய் மறுபடி வந்து சேர்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து. உன் கணக்கில் க்ரௌட்ராக், ஸூல், 'இதர'. மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான்: எங்கேயும் போகாமல் நம்மை எங்கேயோ கொண்டுபோய் விடுவது. (ஜெர்மன் ராக்குக்கு வெளியார் வைத்த க்ரௌட்ராக் என்ற பெயரைக் கிண்டலடித்து ஃபௌஸ்ட் என்ற ஜெர்மன் குழு 1973-இல் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடப் பாட்டுக்கு அதையே தலைப்பாக வைத்தது. நீ அதை ஃபோல்டர் பெயராக வைத்து, அந்தப் பாட்டையும் பயபக்தியுடன் உள்ளே போட்டிருக்கிறாய்.)

கதை சொல்கிறவர்கள் தனி. ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' 1972, மரில்லியனின் 'க்ரெண்டல்' 1982. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவன் அப்பனையும் பிள்ளையையும் வேறு வேறு வீட்டில் குடிவைக்க மாட்டான். மிரட்டுகிறவர்கள், அரட்டை அடிக்கிறவர்கள் என்று இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன். நீ கேன்டர்பரி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கடைசிக் கூட்டம்தான். எவ்வளவு கஷ்டமான தாளத்தையும் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் வாசித்துவிட்டுப் போகிறவர்கள். ஸம்லாவையும் இங்கேதான் குடியேற்றியிருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஐந்து திணைக்கு ஐந்து ஆகிவிட்டது என்று சிரிக்காதே, தானாக அமைந்தது. "நீயும் ஃபோல்டர்தானே போடுகிறாய்" என்றால், ஆமாம், போடுகிறேன். ஃபோல்டர் கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? அது நம்ம பெரியவரின் கட்சி. "நல்ல பாட்டு, கெட்ட பாட்டு, இரண்டே வகை" என்று சொல்லிவிட்டு, இசைத்தட்டுகளைக் கைக்கு வந்த வரிசையில் அடுக்கி, நாற்பது வருடமாக எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிற ஆள்.

நம்ம டிரம்மர் தவிலைப் பார்த்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வலது கை இன்னும் வரவில்லை. விரல் அசைகிறது, குச்சி நிற்கவில்லை. பேச்சு பரவாயில்லை, கொஞ்சம் குழறுகிறது, ஆனால் கிண்டல் குறையவில்லை. 'ராக் பாட்டம்' போடச் சொன்னான். எனக்குத் தயக்கம். சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசித்த ராபர்ட் வயட் 1973-இல் ஜன்னலிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய், அடுத்த வருடம் வெளியிட்டது. டிரம்மருக்குக் கால் போவது என்றால் என்ன என்று இவனுக்கா தெரியாது. அந்த விபத்தைப் பற்றிய ஆல்பம் என்று நான் ஏதோ சொல்லப்போக, "பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே வெனிஸ்ல யோசிச்சு வச்சதுடா, படிக்காம பேசாத" என்று அதட்டினான். முழுவதும் கண்ணை மூடிக் கேட்டான். இடது கை மட்டும் போர்வையில் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் கேட்டான்: "இது எந்த ஃபோல்டர்னு அவன்கிட்ட கேளு." கேன்டர்பரியில் போட்டிருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய்ப் பார். போன் போடாதே, போனில் அவன் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுவான். நேரில் போ.

அவன் ஒரு மூன்றாவது முறை வைத்திருக்கிறான், கேட்டுக்கொள்: டிரம்மரை வைத்துப் பிரிக்க வேண்டுமாம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ப்ரூஃபோர்டை நினைத்துப் பார். 1972-இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' முடித்த கையோடு யெஸ்ஸை விட்டுக் கிங் கிரிம்சனுக்குப் போகிறார். அப்புறம் நேஷனல் ஹெல்த்தில் கொஞ்ச நாள், 1976-இல் ஜெனிசிஸுடன் சுற்றுப்பயணம். உன் பட்டியலில் ஒரே ஆள் பாஸ்போர்ட் இல்லாமல் நாலு நாட்டில் வேலை பார்த்திருக்கிறார். தவில் கணக்கில் எல்லாம் ஒரே ஃபோல்டர்.

கடைசியாக ஒன்று. என் முறையில் பிங்க் ஃப்ளாய்ட் இடிக்கிறது. 'எக்கோஸ்' சுழற்சியில் வைத்தேன், நிற்கிறது. 1977-இன் 'அனிமல்ஸ்' எங்கேயும் நிற்கவில்லை. மிரட்டல் என்று வைத்தால் நடுவில் அவ்வளவு சோகம், கதை என்று வைத்தால் கதையே இல்லை, வெறும் வசை. ஆறாவதாக 'திட்டுவது' என்று ஒன்று போடலாமா? ஒரே ஆல்பத்துக்காக ஒரு வகையா? நீ அதை 'ஸ்பேஸ் ராக்'கில் வைத்திருப்பதைப் பார்த்தேன். நாயும் பன்றியும் ஆடும் எந்த விண்வெளியில் இருக்கின்றன என்று விளக்கி எழுது. மற்றதற்கெல்லாம் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் போதும். 1976-க்குப் பிந்தைய ஜெனிசிஸைப் பற்றிப் பேச்செடுத்தால் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஏழரை

பி.கு.: ஓபெத் குழுவுக்கு "2011-க்கு முன், 2011-க்குப் பின்" என்று இரண்டு உள்ஃபோல்டர் போட்டிருக்கிறாயே, அது ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது. யாரிடமும் நான் சொன்னதாகச் சொல்லாதே.