பகிர்வுக் கோப்புறைக்குப் பூட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் ஆய்வகமும் விண்டோஸ் அலுவலகமும் ஒரே சர்வரின் கோப்புகளைப் பயன்படுத்தும் நிலை சென்னையின் பொறியியல் கல்லூரிகளிலும் தணிக்கை அலுவலகங்களிலும் சாதாரணம். எங்காவது கோப்பு திறக்கவில்லை என்றால் உடனே 'எல்லோருக்கும் அனுமதி' கொடுத்துவிடுகிறார்கள். மாணவர் மதிப்பெண்ணும் வாடிக்கையாளர் கணக்கும் இருக்கும் இடத்தில் இது பெருந்தவறு.

லினக்ஸில் பழகிய கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ், வழக்கமான அமைப்பில் கடவுச்சொல்லே கேட்பதில்லை. 'நான் 1005-ஆம் எண் பயனர்' என்று கோப்பைக் கேட்கும் கிளையன்ட் கணினி சொன்னால் சர்வர் நம்பிவிடும். ஆய்வக இணைப்பில் தன் மடிக்கணினியைச் செருகும் மாணவர், அதில் 1005 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கினால் போதும். சர்வரில் அதே எண்ணுள்ள பேராசிரியரின் கோப்புகள் திறந்துவிடும். 'ரூட் ஸ்குவாஷ்' என்ற அமைப்பு தடுப்பது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரை மட்டுமே. அனுமதித்த கணினிகளின் ஐபி (வலையமைப்பு முகவரி) பட்டியலும் காப்பாற்றாது, ஐபியை யாரும் மாற்றிக்கொள்ளலாம்.

மருந்து கெர்பரோஸ்: ஆளை உறுதிசெய்து, 'டிக்கெட்' எனும் தற்காலிக நுழைவுச்சீட்டு தரும் முறை. அதில் 'கேஆர்பி5' ஆளை மட்டும் உறுதிசெய்யும். 'கேஆர்பி5ஐ' வழியில் தரவு மாற்றப்படாமல் காக்கும். 'கேஆர்பி5பி' முழுவதையும் மறையாக்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் மூன்றாவதே நல்லது. இது வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருப்பது, பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் சர்வரின் பெயர் சரியாக இல்லாதது, இரவில் ஓடும் தானியங்கி வேலைகளின் டிக்கெட் காலாவதியாவது. கடைசிக்கு, அந்த வேலைக்கென்று தனிக் கணக்கும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதன் சாவியை வைத்திருக்கும் கீடேப் கோப்பும் கொடுக்க வேண்டும்.

விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி ஒவ்வொரு பயனரையும் தனித்தனியே சரிபார்க்கும். ஆனால் சர்வரைப் பெயரால் அழைக்காமல் ஐபி எண்ணால் அழைத்தால், கெர்பரோஸை விட்டுப் பழைய சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு (புரோ) டிஜிட்டல் கையொப்பமில்லாத இணைப்பையும் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவையும் இயல்பாகவே மறுக்கிறது. அதனால் பழைய நாஸ் (வலையமைப்புச் சேமிப்பகம்) பெட்டிகள் திடீரென்று திறப்பதில்லை. விண்டோஸில் அந்தக் காப்பை அணைக்காதீர்கள். நாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள். பழைய ஸ்கேனருக்காக எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1-ஐ மீண்டும் இயக்குவது இதைவிட மோசம். 2017-இல் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட் வரம்பு. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' இரண்டு குறியீடு என்பதால் அதற்கே 6 போய்விடும். விண்டோஸில் வைத்த நீளமான பெயர் லினக்ஸ் சர்வரில் ஏறாமல் போக இதுவே காரணம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம் என்பதால், பார்வைக்கு ஒரே பெயரில் இரு கோப்புகளும் உருவாகும்.

பல வளாகங்கள் கொண்ட நிறுவனத்துக்கு ஓபன்ஏஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை பொருந்தும்: கெர்பரோஸ் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது, எங்கிருந்தாலும் கோப்பின் பாதை ஒன்றே. ஆனால் அனுமதியைக் கோப்புறைக்குத்தான் தர முடியும், தனிக் கோப்புக்கு முடியாது. சிறிய அலுவலகத்துக்கு அது வேண்டாத சுமை.

டெண்டரில் கொள்ளளவை மட்டும் எழுதாமல் எஸ்எம்பி 3.1.1, கெர்பரோஸுடன் என்எஃப்எஸ் 4.1 என்றும் எழுதுங்கள். பெட்டி வந்ததும், பதிவு செய்யாத ஒரு மடிக்கணினியிலிருந்து கெர்பரோஸ் இல்லாமல் பகிர்வை மவுண்ட் செய்து (இணைத்து) பாருங்கள். இணைப்பு கிடைத்துவிட்டால், அதைச் சரிசெய்து தரும்வரை பணம் தராதீர்கள்.

- கணினி வலையமைப்பு நிர்வாகி ஒருவர்,
வேளச்சேரி, சென்னை - 42