எடை குறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளை, ஏன், 1500 கிராமைக்கூட எட்டாத பலரையும் பிழைக்க வைக்கும் திறன் இன்று நம் அரசு மருத்துவமனைகளுக்கு உண்டு. அப்படிப் பிழைக்க வைத்த குழந்தையை வாங்கிக்கொண்டு போகும் தாயை ஆயத்தப்படுத்துவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

எடை தொடர்ந்து ஏறுகிறதா, பால் ஒழுங்காகக் குடிக்கிறதா, உடற்சூடு நிலையாக இருக்கிறதா என்று பார்த்து மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதுகிறார். அடுத்த குழந்தைக்குப் படுக்கை தேவைப்படும் அவசரத்தில், தாய்க்கான அறிவுரை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வாரக்கணக்கில் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, வார்மர் என்னும் சூடூட்டும் படுக்கையில் கிடக்கும் பிள்ளையை எட்ட நின்று பார்த்துப் போனவள், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பயத்தோடு வண்டி ஏறுகிறாள்.

பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில், பால் புகட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் முனையைக் கடைவாயில் வைத்து, மெல்லச் சாய்த்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாயைக் கொடுக்க வேண்டும். களைத்துக் கண்ணை மூடினால் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து மடமடவென்று ஊற்றினால் புரையேறிப் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். செவிலியர் பக்கத்தில் நிற்க, தாய் தன் கையாலேயே பல வேளை புகட்டிப் பார்த்தால்தான் இது கைவரும். குளிரைக் கண்டறிவதும் அப்படித்தான்: வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் உடனே நெஞ்சோடு அணைத்துச் சூடேற்ற வேண்டும், வயிறும் சில்லிட்டிருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் 1970களின் இறுதியில் தொடங்கிய, குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைக்கும் கங்காரு அணைப்பு முறையை நம் வார்டுகளும் அறியும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே அதைத் தொடங்கியபோது முதல் 28 நாட்களில் இறப்பு கால் பங்கு குறைந்தது. ஹரியானாவில் வீட்டிலேயே அதைச் செய்யத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்துத் துணைநின்றபோது, அதே 28 நாட்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இப்படி அணைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவித்த உடம்போடு அத்தனை நேரம் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டிருப்பவளுக்குச் சோறு வடித்துப் போடவும், அவள் குளிக்கப் போகும்போது பிள்ளையைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்ளவும் வீட்டில் ஆள் வேண்டும்.

ஆகவே பயிற்சி தாயோடு நின்றுவிடக் கூடாது. தலைப்பிரசவமென்றால் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். அங்கே முடிவெடுப்பவர் குழந்தையின் பாட்டி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும், வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் அவர் பாசத்தால் செய்பவை. 1700 கிராம் குழந்தைக்கு அவை ஆபத்து என்று சொல்லும் துணிவு இளந்தாய்க்கு வருவதில்லை. அந்தப் பாட்டியை வார்டுக்குள் அழைத்து, கைகழுவச் சொல்லி, பேரப்பிள்ளையை ஒரு வேளை அவர் நெஞ்சிலும் கட்டிவிட்டால், வீட்டில் மற்றவர்களைத் தடுப்பவரே அவராகிவிடுவார். நான் பலமுறை கண்டது இது. குடும்பத்தாரைப் பராமரிப்பில் பங்கேற்கச் செய்வதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2017இலேயே வந்துவிட்டன. வீட்டுக்குப் போகும் ஆயத்தமும் அதில் அடக்கம்.

இன்னொரு சிக்கல் முகவரி. கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில் இருக்கும். குழந்தை போவது வேறு மாவட்டத்துத் தாய்வீட்டுக்கு. ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்ப, இன்னொருவருக்கோ அப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரியாமல் போகிறது. 2000 கிராமுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும், தவறினால் பார்வையே போகலாம். அந்தத் தேதி ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் தாளின் அடியில் கிடக்கிறது.

ஆகவே வேண்டுவது இதுதான்: வீட்டுக்கு அனுப்பும் முன் குறைந்தது இரண்டு இரவாவது தாயும் குழந்தையும் ஒரே படுக்கையில் இருந்து, புகட்டுவது முதல் மருந்துச் சொட்டு அளப்பது வரை எல்லாவற்றையும் தாயே செய்து காட்டிய பிறகே மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று ஆணையிடுங்கள். பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60 முறையும் அதற்கு மேலும் மூச்சு வாங்குதல், மார்பு உள்ளிழுத்தல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல் ஆகிய அறிகுறிகளும் கண் பரிசோதனைத் தேதியும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரே தாளில் இருக்கட்டும். குழந்தை உண்மையில் போகும் ஊரின் செவிலியருக்கு, வண்டி கிளம்பும் முன்பே வார்டிலிருந்து தொலைபேசியில் தகவல் போய், 24 மணி நேரத்துக்குள் அவர் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். இந்தக் கூடுதல் பொறுப்பை, இப்போதே ஆள் பற்றாத செவிலியர்கள் தலையில் ஏற்றாமல், ஒவ்வொரு பிரிவிலும் இதற்கென்றே ஒரு செவிலியர் பணியிடத்தை உருவாக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்